ஹன்சன் வீட்டுத் தாபரிப்பு வழக்கு

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. இந்தத் தைப்பொங்கலன்று டென்மார்க்கில் அரசாங்கம் கவிழ்ந்தது. கவிழ்த்தது நாங்கள். சிரிக்க வேண்டாம், உண்மை. ஊர்வலம் போகவில்லை, கல் எறியவில்லை. முன்னே வந்துவிட்ட ஆண்கள், ஊரில் நின்ற மனைவி பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும் என்று ஒழுங்கான முறையில் விண்ணப்பம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சட்டம் தந்த உரிமை அது. நீதி அமைச்சராக இருந்தவர் சட்டத்துக்கு மாறாக அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டார். பிறகு விஷயம் வெளியே வந்து, விசாரணை நடந்து, தடித்த அறிக்கை ஒன்று வெளியானது. அது வெளியான நாளே பிரதமர் பதவியை விட்டு இறங்கினார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நாங்கள் சொல்வது வழக்கம். இந்த முறை பிரதமருக்கு வெளியே போகிற வழி பிறந்தது.

இங்கே இதற்குத் தமிழர் வழக்கு என்று பெயர். கோப்பன்ஹேகன் பத்திரிகைகளிலிருந்து நாங்கள் இருக்கிற இக்காஸ்ட் ஊரின் பாண் கடை வரைக்கும் எல்லோர் வாயிலும் 'தமில்' என்ற சொல்தான். ழகரம் எங்கள் பிள்ளைகளுக்கே வராதபோது அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்.

கிடப்பில் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. என் கணவர் சிவநேசன் இக்காஸ்டில் துணிச் சாயம் போடும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். நான் யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தை துளசியோடு ஷெல் விழும் திசையைக் காதால் அளந்துகொண்டிருந்தேன். கடைசியில் நாங்கள் வந்து ஹேர்னிங் ஸ்டேஷனில் இறங்கியபோது, பிள்ளை தகப்பனைப் பார்த்து 'மாமா' என்று கூப்பிட்டாள். அந்த மனிசன் சிரித்துக்கொண்டே பெட்டிகளைத் தூக்கினார். காருக்குள் ஏறியும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

2

அரசாங்கம் விழுந்தது சரி, எங்களிடம் மன்னிப்புக் கேட்டது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு முதலில் இந்த நாட்டு மன்னிப்பு முறையை விளக்க வேண்டும்.

டேனிஷில் மன்னிப்புக்கு 'உன்ஸ்கூல்' என்று ஒரு சொல் உண்டு. கடையில் ஒருவர் தள்ளுவண்டி உங்கள் வண்டியில் முட்டினால் உன்ஸ்கூல். பஸ்ஸில் முழங்கை பட்டால் உன்ஸ்கூல். முட்டாமல் பக்கத்தால் போனாலும் முற்பணமாக ஒரு உன்ஸ்கூல். ஆனால் பிழை பெரிதாகப் பெரிதாக அந்தச் சொல் அகப்படாது. அப்போது 'பெக்லேயர்' என்று வேறொரு சொல் வரும். 'நடந்ததை இட்டு வருந்துகிறோம்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். யார் நடத்தியது என்பது அதற்குள் இராது. செத்த வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி ஒரு சொல்.

எங்களுக்குக் கிடைத்தது பெக்லேயர்தான். அதுவும் தொலைக்காட்சியில், வேறு யாரிடமோ.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா. பொங்கலுக்கு அடுத்த நாள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனார்கள், வீட்டுக்காரனின் பூச்சாடியை உடைத்துவிட்ட விருந்தாளிகள் போல. என் கணவர் தன் மேற்பார்வையாளரிடம் போய், அரசாங்கம் விழுந்ததற்கு உன்ஸ்கூல் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் அந்த அரசாங்கத்துக்கு எதிராக வாக்குப் போடுகிறவராம். கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னாராம். இதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்ன மனிசனை நான் என்ன செய்வது.

3

நான் வேலை செய்வது பனியன் தைக்கும் தொழிற்சாலையில். எனக்கு அடுத்த மெஷினில் எஸ்தர் இருக்கிறாள். கானா நாட்டுக்காரி. அக்ரா நகரின் கடலோரத்தில் ஒசு என்கிற இடம் அவளது ஊர். டேனிஷ் பொறியியலாளர் ஒருவர் வீட்டில் பிள்ளை பார்க்க வந்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு தையலுக்கு வந்தவள். முழுப்பெயர் எஸ்தர் ஹன்சன்.

ஹன்சன் என்பது இங்கே எங்கள் ஊர்க் கந்தையா மாதிரி, தடுக்கி விழுந்தால் ஒரு ஹன்சன் மேல்தான் விழ வேண்டும். எங்கள் பகுதியில் மட்டும் மூன்று பேர். மேற்பார்வை பார்க்கிற பிர்கிட் அவர்களைப் பிரித்துச் சொல்ல ஒரு வழி வைத்திருந்தாள்: கண்ணாடி ஹன்சன், குண்டு ஹன்சன், 'மற்ற' ஹன்சன். மற்ற ஹன்சன் யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

அவளைப் பார்க்கிற எல்லோருக்கும் முதலில் வருகிற எண்ணம், டேனிஷ்காரனைக் கட்டியிருப்பாள் என்பது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொமூன் என்கிற நகரசபைக் கந்தோரில் இருந்த பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள். எஸ்தர் வீடு மாறுவதற்குப் பதியப் போயிருக்கிறாள். கணவர் எங்கே என்று கேட்டார்களாம். கல்யாணமே கட்டவில்லை என்றாளாம். அப்படியானால் ஹன்சன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது, விவாகரத்துப் பத்திரத்தைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நாங்களும் இதே பாட்டுக்கு ஆடியவர்கள். எங்கள் முறையில் எனக்குத் தகப்பன் பெயர் வால், என் கணவருக்கு அவருடைய தகப்பன் பெயர் வால். இரண்டு வாலும் வேறாக இருக்கக் கண்டு, நீங்கள் புருசன் பெண்சாதிதானா என்று கேட்டவர்கள் இவர்கள்.

எஸ்தர் மறுபடி போனாள். பத்திரம் இல்லை என்று சொன்னாள். ஒசுவில் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை இன்றைக்கும் நிற்கிறது என்றும், அதில் வேலை பார்த்த ஹன்சன் என்ற ஒருவன் தங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியோடு வாழ்ந்து பிள்ளைகளும் பெற்று ஒரு நாள் கப்பல் ஏறிப் போய்விட்டான் என்றும், விவாகரத்து எடுக்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை என்றும் விளக்கினாள். கந்தோரில் இருந்த பெண் கேட்டு முடித்து, 'பெயர் வந்த வழி தெரியாது' என்று பதிந்து விட்டாளாம்.

இதைச் சொன்ன அன்றைக்குத்தான் எஸ்தருக்கு உண்மையில் கோபம் வந்ததை நான் கண்டேன். அவள் டேனிஷில் சொன்னதை எங்கள் பேச்சில் போட்டால் இப்படி வரும்:

"தெரியாதாம். பேர் குடுத்தவைக்கே தெரியாதாம். இஞ்ச ஒருத்தன் மனிசி பிள்ளையை விட்டிட்டுப் போனா மாசாமாசம் தாபரிப்புக் கட்ட வேணும். பிள்ளை என்ர இல்லையெண்டு சொன்னா இரத்தம் எடுத்துப் பாப்பினம். எங்கட ஹன்சன் போய் எவ்வளவு காலம். நான் தாபரிப்பு வழக்குப் போடப்போறன்."

4

அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் எங்களுக்கு வேறு கதை இல்லை. ரை தானியத்தில் சுட்ட கறுத்தப் பாண் துண்டில் மீனை வைத்துத் தின்றுகொண்டு கண்ணாடி ஹன்சன் ஒரு நாள் சொன்னாள், அடிமை வியாபாரத்தை உலகத்தில் முதன்முதல் நிறுத்தச் சட்டம் போட்ட நாடு டென்மார்க் என்று. பள்ளிக்கூடத்தில் படித்ததாம். என் மகள் துளசியும் ஒரு நாள் இதைப் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுவாள், நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

எஸ்தர் இல்லையென்று சொல்லவில்லை. சட்டம் போட்டது உண்மை என்றாள். ஆனால் சட்டம் போட்டுவிட்டுப் பத்து வருடம் தவணை கொடுத்தார்களே, அதையும் படித்தாயா என்று கேட்டாள். அந்தத் தவணைக்குள் வேண்டிய ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம். அடுத்த தையிலிருந்து குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மார்கழி முழுக்கப் போத்தல் அடுக்கி வைக்கிற எங்கள் சின்னத்தம்பி மாமாவை நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் கடலுக்கு அப்பால் டேனிஷ்காரர் வைத்திருந்த தீவுகளில் கரும்புத் தோட்டத்தில் கிடந்தவர்கள் அடிமைகளாகவேதான் கிடந்தார்கள். விடுதலை வந்தது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, அவர்களே கிளம்பி நின்ற பிறகு. அப்போது டென்மார்க் நட்டஈடும் கொடுத்தது. யாருக்கு என்று நினைக்கிறீர்கள். அடிமைகளை வைத்திருந்த தோட்டக்காரருக்கு. கையில் இருந்த ஆட்களை இழந்துவிட்டார்களாம் பாவம். நான் முதலில் என் டேனிஷ்தான் பிழை, மாறி விளங்கிவிட்டது என்று நினைத்தேன். திரும்பக் கேட்டேன். சரியாகத்தான் விளங்கியிருந்தது.

கடைசியில் அந்தத் தீவுகளை ஆட்களோடு சேர்த்து அமெரிக்காவுக்கு விற்றார்கள். வீட்டை விற்கும்போது கிணற்றையும் தென்னையையும் சேர்த்து உறுதி எழுதுவது போல.

எஸ்தர் நேர்மையான ஆள். தன் வீட்டுப் பெரியவர்களும் கோட்டை வாசலில் நின்று உள்நாட்டு ஆட்களைப் பிடித்து விற்றவர்கள்தான் என்று அவளே சொன்னாள். அதை விசாரிக்க வேண்டியது தாங்கள் என்றும், அதைக் காட்டிக் கப்பல் வைத்திருந்தவன் தப்ப முடியாது என்றும் சொன்னாள். பிறகு என் மெஷினில் கிடந்த துணியைத் தொட்டு, அந்த வியாபாரத்தில உங்கட பக்கத்துத் துணியும் இருந்தது, தெரியுமோ என்றாள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரருக்குக் கோட்டை இருந்த காலத்தில், அந்தக் கரையில் நெய்த துணி கப்பலேறிப் போய் ஒசுவில் இறங்கியதாம். அந்தத் துணியைக் கொடுத்து ஆட்களை வாங்கினார்களாம். நெய்தவனுக்கு அது தெரிந்திருக்காது என்று மட்டும் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

5

இப்படி நெருங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நண்டுக் கறி வைத்தேன். என் கணவர் வாசலில் நின்று வரவேற்று, சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று காட்டி, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

எங்கள் துளசிக்குத் தமிழ் வராது. வரும், ஆனால் வராது. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில். பால் வேணுமோ என்றால் 'நைதக்' என்பாள், வேண்டாம் நன்றி என்று. ஆனால் ஏச்சுச் சொற்கள் மட்டும் ஒன்று விடாமல் ஒழுங்கான யாழ்ப்பாணத் தமிழில் நிற்கும். அவள் எஸ்தருக்கு எதிரே உட்கார்ந்து, கறியை அளைந்துகொண்டு, டேனிஷில் கேட்டாள்: "நீங்கள்தான் காப்பிலியா? அப்பா அப்படித்தான் சொல்லுறவர்."

காப்பிலி என்ற சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலை சீவாமல் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு பிள்ளையும் வாங்கிய ஏச்சு அது. நானும் வாங்கினேன், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சொல் தமிழ் இல்லை, கறுப்பு ஆட்களை இழித்துக் கூப்பிடக் கப்பல்காரர்கள் கரைக்குக் கரை கொண்டு திரிந்த சொல். ஆப்பிரிக்காவின் தெற்குத் தொங்கலில் வெள்ளைக்காரர் அதைச் சொல்லித்தான் ஆட்களை மிதித்தார்கள். எஸ்தருக்கு அது விளங்க மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

என் கணவரின் டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ். சாயத்தொட்டிக்குப் போதும், சபைக்குப் போதாது. அவர் அந்தரப்பட்டு, கோப்பிக்கு டேனிஷில் என்ன சொல் என்று யோசித்து, அது 'கஃபே' என்பதைப் பிடித்துக்கொண்டார். காப்பிலி என்றால் கஃபே நிறத்து ஆட்கள், நல்ல கஃபே, வாசமான கஃபே என்று கையால் கோப்பையைக் காட்டி விளக்கினார். வியர்த்துக் கொட்டியது.

எஸ்தர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோப்பி என்றால் சீனியும் வேணுமே, சீனிக்குத்தானே எங்களைக் கொண்டு போனவை என்று மெதுவாகச் சொன்னாள். நண்டு நல்லாயிருக்கு என்றும் சொன்னாள். ஆனால் பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை. அடுத்த மெஷினில் இருந்துகொண்டே தூரமாகிப் போனாள். கணவரிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடுங்கோ என்று சொன்னேன். அதுதான் விளக்கிச் சொல்லியாச்சே, இனி என்ன மன்னிப்பு என்றார். அரசாங்கம் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்ட மனிசன்.

6

தமிழர் வழக்கு அறிக்கை வந்த சூட்டோடு எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு விழா வைக்க முடிவு செய்தது. டேனிஷ் மக்களுக்கு நன்றி சொல்லும் விழா. எதற்கு நன்றி என்று கேட்டதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. தலைவர் என் கணவர். ஆலோசகர் பொன்னுத்துரை மாஸ்டர், ஊரில் சரித்திரம் படிப்பித்தவர், இங்கே ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை. அரசியல் பெரியவர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் மொழிபெயர்ப்பு என் வேலை.

எஸ்தருக்கும் ஐந்து நிமிடம் கொடுப்போம் என்று எங்கள் வீட்டில் நடந்த கூட்டத்தில் நான் சொன்னேன். அவள் கேட்பது பெரிய காரியம் இல்லை என்றும் சொன்னேன். நட்டஈடு பிறகு பார்க்கலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தப் பெயர் தங்களிடமிருந்துதான் வந்தது, அதோடு நடந்ததற்கும் தாங்கள்தான் பொறுப்பு என்று, இந்த நாட்டில் பதவியில் இருக்கிற ஒரு ஆள் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது.

பொன்னுத்துரை மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, எங்கட பிரச்சினை வேற, அவையின்ர பிரச்சினை வேற. நாங்கள் அகதியள். அடிமையள் இல்லை. எங்கட சமூகத்தில அடிமை எண்டு ஒண்டு இருக்கவே இல்லை."

சரித்திரம் படிப்பித்தவர் சொல்கிறார். சீதன உறுதியில் மாடு கன்றோடு அடிமைகளையும் எழுதிக் கொடுத்த ஊர் எங்களுடையது. நான் பிறந்த பிறகும் எங்கள் வளவுக்கு வேலைக்கு வந்தவர்கள் சிரட்டையில்தான் தேத்தண்ணி குடித்தார்கள். நான் வாயைத் திறந்தேன், ஆனால் அதற்குள் மரியதாஸ் அண்ணை முந்திவிட்டார். அவர் மன்னார்க்காரர், எங்கள் விழாக்களில் கிட்டார் வாசிக்கிறவர்.

"மாஸ்டர், விழா முடிய எல்லாரும் பைலா ஆடுறம்தானே. அது ஆரின்ர ஆட்டம்? போர்த்துக்கேயன் கொண்டுவந்து இறக்கின காப்பிலியளின்ர. புத்தளப் பக்கம் இப்பவும் அவை இருக்கினம். ஆட்டம் வேணும், ஆள் வேண்டாமோ?"

இசை வேறு, அரசியல் வேறு என்று மாஸ்டர் தீர்த்து வைத்தார். இன்னும் பலருடைய தாய் தகப்பன் விண்ணப்பங்கள் கிடப்பில் கிடக்கும்போது டேனிஷ்காரருக்குக் கோபம் வரக்கூடாது என்று என் கணவர் சொன்னார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எஸ்தர் வரலாம், ரோல்ஸ் தின்னலாம், பேச வேண்டாம் என்று முடிவானது. ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ ஆர் நான் ஆர்.

7

விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு, பரதநாட்டியம், மேசை நிறைய ரோல்ஸ், கட்லட். எஸ்தர் தன் ஊர்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தாள். நான் கூப்பிட்டதற்காக வந்தாள். என் கணவரைப் பார்த்து ஒரு வணக்கம் கூடச் சொல்லவில்லை.

சிறப்பு விருந்தினர் மேடையேறினார். அவருடைய பெயரும் ஹன்சன். தமிழருக்கும் டேனிஷ்காரருக்கும் இடையில் உள்ள பழைய நட்பைப் பற்றிப் பேசினார். தரங்கம்பாடியை யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நடந்து போனதற்குத் தான் பெக்லேயர் என்றார். நான் அதைத் தமிழில் 'வருந்துகிறார்' என்றே சொன்னேன். பொன்னுத்துரை மாஸ்டர் கீழே இருந்து 'மன்னிப்பு எண்டு சொல்லும் பிள்ளை' என்று கண்ணைக் காட்டினார். அந்த ஆள் சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும். கடைசியில் யாருக்கும் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் விருந்தினர். எங்கள் ஆட்களில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பின்வரிசையில் எஸ்தர் எழுந்தாள்.

தன் பெயரும் ஹன்சன் என்றாள். விருந்தினர் சந்தோஷமாகச் சிரித்து, அப்படியென்றால் நாங்கள் சொந்தக்காரர் என்றார். மண்டபமே சிரித்தது.

"ஓம். அதைத்தான் கேக்க வந்தனான்" என்றாள் எஸ்தர்.

அவள் சத்தம் போடவில்லை. விட்டுப் போன தகப்பனிடம் பிள்ளைகள் தாபரிப்புக் கேட்பது இந்த நாட்டுச் சட்டம் என்றாள். நிலுவை இன்றைக்குத் தர வேண்டாம், அது பெரிய கணக்கு, அதைப் பேச ஆட்கள் வருவார்கள் என்றாள். கப்பலில் ஏற்றப்பட்டவர்களும் கரையில் விடப்பட்டவர்களும் எங்கள் ஆட்கள், நடந்தது எங்கள் பிழை என்று ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள் என்று கேட்டாள். நான் ஒரு சொல் விடாமல் தமிழாக்கினேன். சில பெண்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள், முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார்கள்.

விருந்தினர் நல்ல மனிதர், அதுதான் கரைச்சல். மிகவும் சுவாரசியமான கேள்வி என்றார். மிகப் பழைய காலம் என்றார். இன்று இருக்கிற யாரும் அதைச் செய்யவில்லை என்றார். வியாபாரத்தை முதலில் நிறுத்தியது டென்மார்க் என்று, நான் எதிர்பார்த்த இடத்தில் சரியாகச் சொன்னார். சரித்திரத்தை இட்டும் ஒரு பெக்லேயர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எஸ்தர் உட்காரவில்லை.

அப்போது என் கணவர் பதறிக்கொண்டு ஒலிவாங்கிக்கு வந்தார். சபை கேட்கத் தமிழில் என்னிடம் சொன்னார்:

"இஞ்சரும், அந்தக் காப்பிலி கதைச்சதுக்குச் சங்கம் மன்னிப்புக் கேக்குதெண்டு ஐயாவுக்குச் சொல்லும்."

முழுவதும் தமிழ்தான். ஆனால் அந்த ஒரு சொல் பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. எஸ்தர் தலையை நிமிர்த்திப் பார்த்த பார்வையை நான் கண்டேன். மண்டபத்தில் தமிழர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

மொழிபெயர்ப்பாளரின் வேலை சொன்னதைச் சொல்வது. மன்னிப்பு என்று சொல்லப்பட்டது, அதை நான் சொன்னேன். விலாசத்தை மட்டும் மாற்றினேன். விருந்தினருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தெளிவான டேனிஷில், எங்கள் தலைவர் எஸ்தர் ஹன்சனிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பாவித்த சொல்லுக்கும், இப்போது இந்த மேடையில் பாவித்த அதே சொல்லுக்கும் 'உன்ஸ்கூல்' என்றேன்.

என் கணவருக்கு உன்ஸ்கூல் கேட்டது, எஸ்தரின் பெயர் கேட்டது. கணக்குச் சரி என்று நினைத்து, நெஞ்சில் கையை வைத்து, சபையைப் பார்த்து நன்றாகத் தலையாட்டினார். விருந்தினர் எழுந்து கை தட்டினார். விருந்தினர் தட்டியதால் பொன்னுத்துரை மாஸ்டரும் தட்டினார். டேனிஷ் தெரிந்த எங்கள் இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

எஸ்தர் கை தட்டு அடங்கும் வரைக்கும் நின்றாள். பிறகு என் கணவரைப் பார்த்து, கந்தோரில் பேசுகிற மாதிரி ஒரே மட்டக் குரலில், டேனிஷில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி ஹன்சன் வந்திருந்தாள், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மரியதாஸ் அண்ணை கிட்டாரை எடுத்துப் பைலாவைத் தொடங்கிவிட்டார்.

8

வீட்டுக்குப் போகக் காரில் ஏறினோம். பனி தூறியது. என் கணவர் நல்ல உற்சாகமாக இருந்தார். விழா வெற்றி என்றார், ஐயா எழும்பி நின்று கை தட்டினதைக் கண்டனீரோ என்று கேட்டார். நான் கண்டேன் என்றேன்.

பின்சீற்றில் இருந்த துளசிக்கு வீட்டில் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்க்கிற ஆள் இனித் தான்தான் என்பது அன்றைக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் தொடங்கினாள்.

"அப்பா, நீங்கள் மன்னிப்புக் கேட்டது அந்த ஐயாட்ட இல்லை. எஸ்தர் அன்ரியிட்ட. காப்பிலி எண்டு சொன்னதுக்கு. அம்மா அப்பிடித்தான் சொன்னவ."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். கத்தப் போகிறார் என்று நான் தயாராக இருந்தேன், சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கும் நாக்கு நுனியில் நின்றது. அவர் கத்தவில்லை. கண்ணாடித் துடைப்பான் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். காது சிவந்திருந்தது. பிறகு என்னிடம் கேட்காமல் பின்னால் திரும்பிப் பிள்ளையிடம் கேட்டார்.

"அவ அதுக்கு என்ன சொன்னவ?"

துளசி எஸ்தர் சொன்னதை முதலில் அப்படியே டேனிஷில் சொன்னாள். தகப்பனுக்குப் பிடிபடவில்லை என்று கண்டு, சொல் சொல்லாகத் தேடித் தமிழாக்கினாள்.

"உங்கட விண்ணப்பம் கிடைச்சுது. வரிசைப்படி பாப்பம். முடிவு வரும்வரைக்கும் காத்திருங்கோ."

என் கணவர் முன்பக்கம் திரும்பி ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். பிறகு, எங்களைக் கூப்பிட விண்ணப்பம் கொடுத்த காலத்தில் கந்தோர் ஜன்னலில் கேட்டிருக்கக்கூடிய அதே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எவ்வளவு காலம் எடுக்குமாம்?"